வேலை செய்கிறது, சரிசெய்ய வேண்டாம்

எங்கள் குழுவுக்கு வரும் பழுது அறிக்கைகள் பெரும்பாலும் வசவில் தொடங்கி வசவில் முடியும். வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்திலிருந்து வந்த அறிக்கை மட்டும் வேறு மாதிரி இருந்தது. "ஒரு நிரல் ஒலியைப் பிடித்துக்கொண்டால் மற்ற நிரல்கள் ஊமையாகிவிடுகின்றன. இது நன்றாக வேலை செய்கிறது. தயவுசெய்து சரிசெய்ய வேண்டாம்." கீழே மலர்விழி என்று பெயர். ஊர்ப் பெயரை வெளியில் எழுதக் கூடாது என்று அவர் பின்னால் கேட்டுக்கொண்டதால் இங்கும் எழுதவில்லை.

லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் இலவச மென்பொருள். உலகம் முழுக்கப் பல குழுக்கள் அதைத் தங்களுக்குப் பிடித்தபடி கட்டித் தருகின்றன. நாங்கள் கட்டுவதற்கு ஆமை என்று பெயர். எடைக்குப் போட வேண்டிய கணினியிலும் ஓடும் என்பதுதான் அதன் ஒரே பெருமை. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். நான் சிங்கப்பூர். ஒலி என் பொறுப்பு.

ஆமையில் இரண்டு ஒலி அமைப்புகள் இருந்தன. பழையது ஒற்றை நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை மாதிரி. ஒரு நிரல், அதாவது ஒரு புரோகிராம், உட்கார்ந்துவிட்டால் மற்றவை எல்லாம் வெளியே நிற்க வேண்டும். புதியது எல்லாருடைய ஒலியையும் வாங்கிக் கலந்து ஒன்றாக வெளியே விடும். பழையதைத் தூக்கிவிடலாம் என்று வருடக்கணக்காக நச்சரித்தவன் நான். எங்கள் விதியும் எனக்குச் சாதகமாக இருந்தது: எந்தப் பகுதியைப் பராமரிக்க ஒருவரும் பெயர் கொடுக்கவில்லையோ, அது அடுத்த பதிப்பில் இருக்காது. பழைய ஒலிக்கு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. எதிர்ப்பு என்று வந்தது மலர்விழியின் அறிக்கை ஒன்றுதான்.

குழுவைத் தொடங்கிய நார்வேக்காரர் அதைப் படித்துவிட்டு, "யாராவது நேரில் பார்த்து வந்தால் நல்லது. சிங்கப்பூரிலிருந்து பக்கம்தானே?" என்று எழுதினார். அவர் பார்த்த வரைபடத்தில் பக்கமாகத்தான் இருந்திருக்கும். என் மனைவி, "ஒரு பக் ரிப்போர்ட்டுக்காக ஏரோப்ளேன் ஏறுற முதல் ஆளு நீங்களாத்தான் இருப்பீங்க" என்றாள். என் முன்னோர்கள் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. தேடிப் பார்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை. நான் போனது ஒலி அட்டை விஷயமாக.

முதல் நாள் தஞ்சாவூரில் தங்கினேன். விடுதி அறையின் ஜன்னலைத் திறந்ததும் நகைக்கடைத் திறப்பு விழாவின் பாட்டு, அம்மன் கோயிலின் பாட்டு, ஏதோ அறிவிப்புச் செய்துகொண்டு ஊர்ந்த ஆட்டோ என்று மூன்றும் சேர்ந்து உள்ளே வந்தன. தொழில்முறையில் சொல்வதென்றால் அருமையான கலவை. மூன்றும் தனித்தனியாகக் கேட்டன, ஒன்று மற்றொன்றை அமுக்கவில்லை. கீழே போய் டீக்கடைக்காரரிடம், ஆட்டோவில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"தெரியலைங்க. தெனம் போவுது" என்றார்.

சிங்கப்பூரில் காபி கேட்பதற்கே ஒரு தனி மொழி உண்டு. பாலா, சர்க்கரையா, கெட்டியா என்று எல்லாவற்றையும் அந்த மொழியில் சொல்ல வேண்டும். இங்கே நான் வாயைத் திறப்பதற்குள் டபராவில் வந்துவிட்டது. பொங்கலில் இருந்த நெய்யைப் பார்த்து என் டாக்டரை நினைத்துக்கொண்டேன். பிறகு நினைக்கவில்லை. பெரிய கோயிலுக்கு உச்சி வெயிலில் போனது என் தப்பு. செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தக் கல் தரையில் இறங்கியவன், கோயிலின் மாண்பு முழுவதையும் ஓடிக்கொண்டே பார்த்தேன்.

மறுநாள் நாகப்பட்டினம் பஸ். அறுவடைக் காலம். சாலையின் பாதியில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் போக்குவரத்து. பஸ்ஸின் இடது சக்கரம் நெல்லின் ஓரத்தை உரசியபடி போனது, அதைப் பார்த்து யாரும் திட்டவும் இல்லை. கீழ்வேளூரைத் தாண்டியதும் எதிரே ஓர் அறுவடை மெஷின் லாரி மேல் உட்கார்ந்து வந்தது. இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்கு நின்றன.

"பின்னால எடுய்யா" என்றார் எங்கள் டிரைவர்.

"பின்னால எடுத்தா வாய்க்கால்லதான் எடுக்கணும். நீ எடு" என்றார் லாரிக்காரர்.

இருவரும் இன்ஜினை நிறுத்தினார்கள். எங்கள் கண்டக்டர் இறங்கிப் போய் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். சிங்கப்பூரில் பஸ் இப்படி நின்றால் அடுத்த வாரம் அதற்கு ஒரு விசாரணைக் குழு அமைப்பார்கள். இங்கே பக்கத்து இருக்கை அம்மா பையைத் திறந்து எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார். கீழ்வேளூர்க்காரர், நாகையில் மகள் வீட்டுக்குப் போகிறார். நான் என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று விசாரித்தார்.

"கம்ப்யூட்டர்ல பழைய சவுண்டு ஒண்ணு இருக்கும்மா. அதை எடுத்துடப் போறோம்."

"கெட்டுப் போச்சுங்களா?"

"இல்ல."

"எடத்த அடைக்குதா?"

"அப்படியும் இல்ல."

"எம் மவனும் இப்படித்தாங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்த மிக்சிய எடைக்குப் போட்டுட்டு வந்துட்டான். கேட்டா மாடல் பழசுங்கறான்."

பிறகு அவருடைய கவலைக்கு வந்தார். அறுத்த நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவியலாகக் கிடக்கிறது, ஈரப்பதம் அதிகம் என்று எடுக்க மாட்டேன் என்கிறார்கள், இரண்டு நாள் நல்ல வெயில் காய்ந்தால் போதும். "மழ கிழ வந்துடாம இருக்கணும்" என்று ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். பஸ்ஸில் பாதிப் பேர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் லாரிதான் பின்வாங்கியது. வாய்க்காலில் இறங்கவில்லை.

இன்னும் இரண்டு பஸ் மாறி, மாலையில் நான் போய் இறங்கியபோது ஸ்கூட்டரில் ஒரு பெண் காத்திருந்தார். "ஆமை சார்தானே?" என்றார். ஆமாம் என்று சொல்வதைத் தவிர வழியில்லை. மலர்விழிக்கு முப்பது வயதிருக்கும். வேதாரண்யத்தில் இ-சேவை மையம் நடத்துகிறார். ஊர்ப் பஞ்சாயத்தின் கணினியும் அவர் பொறுப்பு.

பஞ்சாயத்து அலுவலகம் கடலைப் பார்த்த ஓர் அறை. மேசையில் காலாவதியான கணினி, பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர். வெளியே கம்பத்தின் உச்சியில் நாலு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர்கள். கணினியைத் திறந்தால் எங்கள் ஆமைச் சின்னம் வர வேண்டும், மாரியம்மன் வந்தார். "ஆமை இருந்தா ஆபீசுக்கு ஆவாதுன்னுட்டாங்க சார்" என்றார் மலர்விழி. எங்கள் சின்னத்தை வரைய ஒரு டென்மார்க்காரர் நிறைய மெனக்கெட்டார். அவரிடம் இதை நான் சொல்லவில்லை.

அந்த ஊரில் யாரும் தனியாக மைக் செட் வைப்பதில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, பாட்டுப் போட வேண்டுமென்றால் பென்டிரைவோடு இந்த அறைக்குத்தான் வர வேண்டும். ஏன் இப்படி ஒரு கட்டுப்பாடு என்று கேட்டேன்.

"முன்னாடியெல்லாம் அவங்கவங்க செட்டு வெச்சுக்குவாங்க. ஒரு கல்யாணத்தன்னைக்கு, காத்து வருது, கடலுக்குப் போவாதீங்கன்னு இங்கேர்ந்து மைக்ல கத்துறாங்க. அந்தாண்ட பாட்டு ஓடுது. எங்க பெரியண்ணனோட போட்டு கடலுக்குப் போயிடுச்சு." அவர் ஆம்ப்ளிஃபயரின் ஒயரைச் சரியாகத்தான் மாட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். "போட்டு மட்டும் மறுநாள் கரை ஒதுங்குச்சு சார்."



அதற்கப்புறம்தான் ஊர் கூடி, ஒரே பெட்டி, ஒரே குழாய் என்று முடிவெடுத்தார்கள். மலர்விழி இரண்டு வரியில் ஒரு நிரல் எழுதினார். கணினி வானிலை மையத்தின் இணையப் பக்கத்தை அவ்வப்போது பார்க்கும். அந்தக் கரைக்குக் காற்று எச்சரிக்கை வந்தால் முதல் வரி, ஒலி நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் பிடித்து வெளியே தள்ளும். இரண்டாவது வரி மலர்விழியின் பதிவு செய்த குரலை உட்கார வைக்கும். தள்ளப்பட்ட பாட்டு தானாகத் திரும்பாது. பாட்டுக்குச் சொந்தக்காரர் அலுவலகத்துக்கு வந்து கேட்க வேண்டும், வரும்போது எச்சரிக்கை என்ன என்று முழுவதும் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

"பாட்டு டக்குனு நின்னா ஊரே திரும்பும் சார். என்ன ஏதுங்கறதெல்லாம் அப்பறந்தான்."

புதிய அமைப்பில் இது நடக்காது. அங்கே நாற்காலியே இல்லை. பிடித்துத் தள்ள முயன்றால் கலந்து தரும் நிரல்தான் அகப்படும், அதுவும் விழுந்த வேகத்தில் எழுந்து பாட்டோடு திரும்பிவிடும். "நிறுத்தவே வேண்டாங்க. பாட்டும் கேக்கும், உங்க குரலும் கேக்கும். ரெண்டும் சுத்தமா கேக்கும்" என்றேன்.

"ரெண்டும் கேட்டா எதைக் கேக்குறது?" என்றார். பழைய பதிப்பையே வைத்துக்கொள்ள முடியாதா என்றும் கேட்டார். முடியாது. அதன் பாதுகாப்புச் சான்றுகள் காலாவதியானதும் வானிலைப் பக்கம் திறக்காது.

என் மடிக்கணினியில் புதிய பதிப்பு இருந்தது; மலர்விழியின் நிரலையும், தள்ளும் வரியை மட்டும் விட்டுவிட்டு, அதில் ஏற்றினேன். அதை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, எச்சரிக்கையைப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பஞ்சாயத்துத் தலைவர் ராமலிங்கம் கையை உயர்த்தித் தடுத்தார். "பொய்யா ஒரு வாட்டி போட்டுட்டா, அப்பறம் நெசமா போட்டாலும் ஒருத்தன் திரும்ப மாட்டான். மாட்டிட்டுப் போங்க. நெசமா வரும்போது பாத்துக்கலாம். பழைய பொட்டியும் பக்கத்துலயே ஓடட்டும்." ஆக, டெல்டா முழுவதும் வெயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்க, மோசமான வானிலைக்காகக் காத்திருக்கும் ஒரே ஆளாக நான் ஆனேன்.

மூன்றாம் நாள் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. மலர்விழியின் தம்பி செந்தில் என்னைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போனார். அவர் ஃபைபர் படகில் போகிறவர். மதியத்துக்கு மேல் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் திரும்புவார். காலை நேரம் அவருக்கு ஓய்வு, எனக்கு வழிகாட்டி. போகிற வழியெல்லாம் உப்பளம். காட்டில் வெளிமான்கள் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்கும்படி ஒன்றுமில்லை என்று தலையைக் குனிந்துகொண்டன. தொலைவில் சேற்றில் பூநாரைகள். ஒரு குரங்கு என் பிஸ்கட் பாக்கெட்டைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரில் குரங்குக்குத் தீனி கொடுத்தால் அபராதம். நான் கொடுக்கவில்லை, அதுவாகவே எடுத்துக்கொண்டது என்று மனத்துக்குள் ஒரு விளக்கக் கடிதம் எழுதி முடித்தேன்.

"கடல்ல பயமா இருக்காதா?" என்று செந்திலைக் கேட்டேன். பயணி கேட்கிற கேள்விதான்.

"பயந்தா என்னங்க பண்றது? குழாய் சொன்னா நிக்கப் போறோம், சொல்லலைன்னா போவப் போறோம்" என்றார்.

மதியம் மலர்விழி வீட்டில் அவர்கள் அம்மா கெளுத்திக் குழம்பும் வாவல் மீன் வறுவலும் வைத்தார். "முள்ளு பாத்து, தம்பி" என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே, நான் போதும் என்ற பிறகும் போட்டார். குழம்பு முதல் நாள் வைத்தது. அதுதான் ருசி என்றார், சரியாகத்தான் சொன்னார். சுவரில் பெரியண்ணன் படம் இருந்தது. சாப்பிடும்போது நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் ஒரு காதுகுத்து. குழந்தையின் தாய்மாமன் காலையிலேயே பென்டிரைவோடு வந்துவிட்டார். என் மடிக்கணினி பாட்டுப் போட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தென்கிழக்கில் மெல்லிய கறுப்பு தெரிந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரையில் ஆண்கள் வலையையும் ஐஸ் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எச்சரிக்கை வந்தது.

மடிக்கணினி தன் கடமையைச் செய்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதன் மேல் மலர்விழியின் குரல், "கடலுக்குப் போறவங்க கவனத்துக்கு" என்று ஏறி வந்தது. கொஞ்சமும் கரகரப்பு இல்லை. நாயனமும் தெளிவு, குரலும் தெளிவு. இரண்டொரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு கரையைப் பார்த்தேன். ஒருவர் பாட்டுக்குத் தலையை ஆட்டியபடி வலையை மடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பீடி பற்ற வைத்தார். மலர்விழியின் குரல் இரண்டாம் முறை சொன்னது, பாட்டுக்கு நடுவே வருகிற வசனம் மாதிரி. செந்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் இன்ஜினை இறக்கிவிட்டார்.

மலர்விழி ஒயரைப் பிடுங்கினார்.

குழாய் நின்றது. ஊரின் அந்தக் கோடியில் காது குத்திய குழந்தை அழுவது இங்கே கேட்டது. வலை மடித்தவரின் கை நின்றது. கரையில் இருந்த அத்தனை தலைகளும் கம்பத்தின் பக்கம் திரும்பின. செந்தில் படகில் வைத்த கையை எடுக்காமல், அண்ணாந்து பார்த்தபடி தண்ணீரில் நின்றார். மலர்விழி ஒயரைப் பழைய கணினியில் செருகி ஒரு விசையைத் தட்டினார். அவர் குரல் தனியாக வந்தது.

படகுகளை மேலே இழுத்து வைக்கத் தொடங்கினார்கள். மலர்விழி தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு தல திரும்பல பாத்தீங்களா சார்? ரெண்டு தடவ சொல்லியும் ஒரு தல திரும்பல" என்று அழுதார். என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, எத்தனையோ சனி ஞாயிறைச் செலவழித்து, நான் சரிசெய்து வைத்திருந்தது இதைத்தான்.

செந்தில் நனைந்த கைலியோடு வந்தார். "ரெண்டு வாட்டி சொல்லுச்சேடா, கேக்கலியா?" என்றார் மலர்விழி.

"அப்படியா? பாட்டோட பாட்டா போயிருக்கும்க்கா" என்றார்.

பின்னாலேயே தாய்மாமன் வந்து தன் பாட்டு எங்கே என்று கேட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். யாரும் போகவில்லையே என்று கரையை ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கள் எல்லாருக்கும் பிரியாணி கொடுத்தனுப்பினார். மாலையில் காற்று அடித்தது. அலுவலகக் கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து ஸ்கூட்டர் மேல் விழுந்தது. படகுகள் வரிசையாகக் கரையில் இருந்தன. நான் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது கீழ்வேளூர்ப் பக்கம் நெல் குவியல்கள் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. தார்ப்பாயின் குழிகளில் தண்ணீர். மழைக்காகக் காத்திருந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பக்கம் பார்க்கக் கூச்சமாக இருந்தது. முறுக்கு கொடுத்த அம்மாவின் நெல் அதற்கு முன்பே கொள்முதல் ஆகியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்துகொள்ள வழியில்லை.

குழுவுக்கு நான் எழுதியது சிறிய கடிதம்தான். "அறிக்கையில் எழுதியிருப்பது சரி. வேலை செய்கிறது. சரிசெய்ய வேண்டாம்." நார்வேக்காரர், "ஒரே ஒரு ஊருக்காகவா?" என்று கேட்டார். ஆமாம் என்று பதில் எழுதி, பழைய ஒலி அமைப்பின் பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். விதிப்படி ஒரு பெயர் போதும். டென்மார்க்காரர் சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினார். மாரியம்மன் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

புதிய பதிப்பு வெளியான சில நாட்களில், ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் மலர்விழி அழைத்தார். நான் சமையலறையில் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"புதுசு போட்டுட்டேன் சார். ஓடுது." பின்னால் குழாயில் கல்யாணப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. "செந்திலுக்குப் பொண்ணு பாத்திருக்கோம். அந்த வீட்டுக்காரங்க இன்னைக்கு வந்திருக்காங்க. அதுக்குத்தான் பாட்டு. சாயங்காலம் கடலுக்குப் போவணும்னு வேற நிக்கிறான். நீங்க கல்யாணத்துக்கு..."

பாட்டு நின்றது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மேலே மின்விசிறிதான் இருந்தது. உள்ளறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்து, "என்னாச்சு? ஏன் நின்னுடுச்சு?" என்றாள். பேசாதே என்று கை காட்டினேன்.

"கடலுக்குப் போறவங்க கவனத்துக்கு" என்று மலர்விழியின் குரல் எங்கள் சமையலறையில் தனியாகக் கேட்டது. முடியும்வரை இருவரும் நின்று கேட்டோம். பிறகு போனில் வெறும் காற்றுச் சத்தம். நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஓடி வந்து மூச்சு வாங்குவது கேட்டது.

"அக்கா, போட்ட மேல ஏத்தியாச்சு" என்றது செந்திலின் குரல். "எம் பாட்ட எப்பத் திரும்பப் போடுவ?"